மதுரையிலிருந்து லடாக், திரும்பும் வழியில் தார் பாலைவனம்: தனி பைக் பயணத் திட்டத்தில் கோளாறு பார்ப்பது எப்படி

தேசிய நெடுஞ்சாலை 44-இல் சமயநல்லூர் பக்கம் ஏறி வடக்கே பிடித்தால், சாலை மாறாமலே சுமார் 3,500 கிலோமீட்டரில் ஸ்ரீநகர் வந்துவிடும். அங்கிருந்து கார்கில் வழியாக லே. லேயிலிருந்து மணாலிக்கு இறக்கம். அப்புறம் பிகானேர், ஜெய்சால்மர், குஜராத், புனே, பெங்களூரு, வீடு. மொத்தச் சுற்று ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர்.

இந்தச் சுற்றைத் தனியாகப் போக நினைப்பவர் எழுதிவைக்கும் திட்டத்தில் வழக்கமாக வரும் கோளாறுகளைக் கீழே தந்திருக்கிறேன். அறிகுறியைப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம். வண்டிக் கோளாறோ ஆள் கோளாறோ, முக்கால்வாசியை மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்குள்ளேயே வரவழைத்துப் பார்த்துவிட முடியும். ஜெய்சால்மரில் கண்டுபிடிப்பதைவிடச் செலவு குறைவு.

எந்த மாதத்தில் வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது

இடிக்கத்தான் செய்யும். மலைக்கும் பாலைக்கும் சீசன் வேறு வேறு. மணாலி–லே சாலை பனி விலகித் திறப்பது பெரும்பாலும் மே வாக்கில். அக்டோபர் நடுவுக்கு மேல் என்றைக்குப் பனி கொட்டும் என்று சொல்ல முடியாது. தார் பக்கமோ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சுகம். கோடை விடுமுறையில் போகலாம் என்று மே மாதத்தில் வைத்தால் ஜெய்சால்மரில் 45 டிகிரி வெயிலில் நிற்பீர்கள். ஜூலை, ஆகஸ்டில் வைத்தால் இமாச்சலில் மண்சரிவு. 2023 ஜூலை வெள்ளத்தில் குலு–மணாலி நெடுஞ்சாலையைப் பியாஸ் ஆறு பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும்.

மலையை முதலிலும் பாலையைப் பின்னாலும் வைத்து, மழை விலகும் சமயத்தில் நுழைவதுதான் வழி. தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் விலகத் தொடங்குவது மேற்கு ராஜஸ்தானில். வானிலைத் துறை கணக்கில் அதன் வழக்கமான தேதி செப்டம்பர் 17. அடுத்து வடமேற்கு மலைகளும் மெல்லத் தெளியும். ஆக, ஆவணிக் கடைசியில், அதாவது செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மதுரையை விட்டால், 20 தேதிக்கு மேல் ஸ்ரீநகர், மாதக் கடைசிக்குள் லே, அக்டோபர் முதல் வாரத்தில் ஜெய்சால்மர். அங்கே அப்போதும் பகலில் 37, 38 டிகிரி அடிக்கும், ஆனால் அது நமக்குப் பழகிய வெயில்தான். ஐப்பசி பிறப்பதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டால் நம்மூர் அடைமழையிலும் மாட்ட வேண்டாம்.

இதே சுற்றைத் திருப்பிப் போட்டு ராஜஸ்தானை முதலில் வைத்தவர்களின் திட்டம் என்னிடம் வந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன்.

லீவு 20 நாள்தான், கணக்கு உட்கார மாட்டேன் என்கிறது

கூகுள் மேப் காட்டும் நேரம் நிற்காமல் ஓட்டுவதற்கானது. பைக்கில், அதுவும் தனியாக, நல்ல நெடுஞ்சாலையில் ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லடாக் மலைப்பாதையில் 200 தாண்டினாலே அதிகம். இந்தக் கணக்கில் ஸ்ரீநகருக்கு ஓய்வு நாளும் சேர்த்து 9, 10 நாள். அங்கிருந்து லே 3 நாள், லேயில் தங்கல் 3 நாள், மணாலி இறக்கம் 3 நாள், ஜெய்சால்மர் போய் ஊரைப் பார்க்க 5, 6 நாள், வீடு திரும்ப 6 நாள். எப்படிக் குறைத்தாலும் ஒரு மாதம்.

லீவு நீளாது என்றால் சாலையைக் குறையுங்கள், ஓய்வைக் குறைக்காதீர்கள். வண்டியை ரயிலில் டெல்லிக்கு அனுப்பிவிடலாம். மதுரையிலிருந்து நிஜாமுதீன் போகும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி இருக்கிறது, கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பார்சல் ஆபீஸில் ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாக்கு சுற்றுபவரிடம் ஹேண்டில்பாருக்குக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் சரி என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

இது கோளாறே இல்லை என்று தள்ளிவிடுகிறவர்கள்தான் வழியில் அதிகம் திண்டாடுகிறார்கள். வீட்டுக்குச் சமாதானம் சொல்லவே தினமும் சிக்னல் தேடி, இருட்டிய பிறகும் ஓட்டுவார்கள்.

அம்மா என்ன கேட்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். "ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைக்க வேணாமாடா?" என்பது வாசல்படி. உள்ளே இருக்கும் கேள்வி, "நீ போன் எடுக்கலைன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?" அதற்குத் திட்டத்தில் பதில் இருக்கிறதா?

முதலில் சிம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். கிளம்பும் முன்பே மாற்றி, ஒரு பில் கட்டிப் பார்த்துவிடுங்கள். அடுத்தது, ஒரு தாளில் தேதிவாரியாக எந்த ராத்திரி எந்த ஊர் என்று எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். லேயைத் தாண்டி மணாலி இறங்கும் வழியில் வெகுதூரத்துக்கு சிக்னல் கிடையாது. "இந்த இரண்டு நாள் போன் வராது, வராவிட்டால் நல்லாத்தான் இருக்கான் என்று அர்த்தம்" என்று அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்றாம் நாள் இரவும் போன் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: கடைசியாகத் தங்கிய விடுதி, அடுத்துத் தங்க வேண்டிய விடுதி, அப்புறம் 112. மாமாவோ சித்தப்பாவோ, பதறாமல் போனில் பேசக்கூடிய ஒருவரிடம் இந்தத் தாளின் நகல் இருக்கட்டும்.

மலை ஏறும்போது பிக்கப் இல்லை

இதைக் கொடைக்கானல் பாதையில் பார்க்கலாம். வத்தலக்குண்டு வழியாகப் போங்கள். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், மறந்துவிட வேண்டாம். லடாக்குக்குக் கட்டப்போகும் அதே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். வெறும் வண்டியில் ஏறினால் ஒன்றும் தெரியாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் இன்ஜின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். லே–மணாலி வழியில் உள்ள தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான், இன்ஜினும் பாதி பலத்தில்தான் ஓடும். ஆகவே கொடைக்கானலில் இரண்டாம் கியரில் திணறும் வண்டிக்குத் தங்லங் லாவில் முதல் கியரும் போதாமல் போகலாம்.

சோதனையில் திணறினால் இந்த வரிசையில் பாருங்கள். மூட்டையின் எடை. ஏர் ஃபில்டர் அடைப்பு. ஸ்பார்க் பிளக்கின் நிறம்: கருகரு என்று கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது. கார்புரேட்டர் வண்டியில் மேலே போகப் போக இது இன்னும் மோசமாகும், மெக்கானிக்கிடம் டியூனிங் கற்றுக்கொண்டு போங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சாரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பலம் குறையத்தான் செய்யும், ஆனால் புகையாது. கடைசியாக கிளட்ச். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது.

இறங்கும்போது பிரேக் லிவர் மெத்தென்று போகிறது

ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம்மூர் பஸ் டிரைவர்கள் சொல்வதைக் கேட்காததுதான் முதல் காரணம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூடு ஏறி, பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ் கட்டும். அதற்கு மேல் லிவரை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் குமிழ்தான் அமுங்கும், வண்டி நிற்காது. பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் இன்னும் சீக்கிரமே கொதிக்கும்.

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் இதற்குச் சரியான பரிசோதனை. பாதி வழியில் ஓரங்கட்டி, லிவரை மூன்று முறை அழுத்திப் பாருங்கள். மலை உச்சியில் இருந்ததைவிட உள்ளே அதிகம் போகிறதா? கருகிய வாடை வருகிறதா? வந்தால் அரை மணி நேரம் அப்படியே ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். ஊருக்கு வந்ததும் ஆயிலை முழுதாக மாற்றி, காற்றெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத ஆயில் என்றால், பரிசோதனையில் தேறினாலும் மாற்றிவிடுங்கள்.

கியர் மாற்றும்போது கிளட்ச் கடிக்கிறது

வடக்கு வெளி வீதிப் பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் "ஆயில் விட்டாச்சுண்ணே, ஓடும்" என்பார்கள். ஓடும்தான், எவ்வளவு தூரம்? நீங்களே பாருங்கள். இடது கைப்பிடியில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளுங்கள். லிவரை முழுக்க அழுத்திப் பிடித்தால், கேபிளின் நுனியில் ஈயக் குண்டு மாதிரி ஒன்று தெரியும். அதை ஒட்டிய அரை அங்குலத்தைப் போன் டார்ச்சில் பாருங்கள். அங்கேதான் கம்பி மடங்கி நிமிர்கிறது, அங்கேதான் அறும். ஒரே ஒரு இழை தனியாகப் பிரிந்து நிமிர்ந்து நின்றாலும் அந்தக் கேபிளுக்கு ஆயுள் முடிந்தது. விரலால் தடவாதீர்கள், குத்தும்.

புதிய கேபிள் போட்டதும், இன்னொரு புதிய கேபிளை, மாட்டியது போகும் வழியிலேயே, அதற்குப் பக்கத்தில் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள். இரண்டு நுனியையும் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட வேண்டும். அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டாம். நுனியை மாட்டினால் போதும். மொத்தப் பயணத்துக்கும் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

பின்பக்கம் கடகட என்று சத்தம்

செயின். நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை மெல்லச் சுற்றி, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பொதுவாக 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவு. நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓர் இடத்தில் தொளதொள, இன்னோர் இடத்தில் விறைப்பு என்றால் டைட் வைத்துப் பயனில்லை. செயின் செட்டையே மாற்றுங்கள். கிளம்பிய பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு லூப் (மசகு) அடியுங்கள். ராஜஸ்தானுக்குள் நுழைந்ததும் வழவழ ஆயிலை நிறுத்திவிட்டு மெழுகு வகை லூப்புக்கு மாறுங்கள். ஆயிலில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

மணலில் முன்சக்கரம் அலைபாய்கிறது

வைகை மணலில் ஓட்டிப் பார்த்தேன், அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஆற்று மணல் கரடுமுரடானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காற்று கொண்டுவந்த மணல் பொடியாகவும் உருண்டையாகவும் இருக்கும், சக்கரத்துக்கு அடியில் நழுவிவிடும். நம் பக்கத்தில் அந்த ஜாதி மணல் இருப்பது தேரிக்காட்டில். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே குதிரைமொழித் தேரி ஓரத்து ஊர்ச் சாலைகளில் செம்மணல் பாய் விரித்துக் கிடக்கும். மதுரையிலிருந்து போக ஒரு காலைப்பொழுது. தேரிக்குள்ளே காப்புக்காடு இருக்கிறது. வண்டியை உள்ளே விட வேண்டாம். தேவையும் இல்லை. ஜெய்சால்மரிலிருந்து சம் மணல்மேடு வரை தார்ச்சாலைதான். அங்கே நீங்கள் சந்திக்கப்போவது மணல்மேட்டை அல்ல, சாலையின் குறுக்கே காற்று தள்ளிவைத்த மணலைத்தான். அதைத்தான் பழக வேண்டும்.

மணல் தெரிந்ததும், அதில் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வாருங்கள். ஏறிய பிறகு முன் பிரேக்கைத் தொடக் கூடாது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். ஹேண்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்த்தால்தான் விழுவீர்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, மணல் முடியும் இடத்தில் இருக்க வேண்டும். நீண்ட மணல் என்றால் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம், தாண்டியதும் மறுபடி அடிக்கக் கையில் பம்ப் இருந்தால் மட்டும்.

கம்பிச் சக்கர வண்டி பலவற்றில் டியூப் இருக்கும். அப்படியானால் தெரிந்த பஞ்சர் கடையில் உட்கார்ந்து, பின்சக்கரத்தை உங்கள் கையால் ஒருமுறை கழற்றி, டியூப் மாற்றி, மாட்டிவிட்டு வாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பெட்ரோல் போதுமா என்று சந்தேகம்

மணாலியிலிருந்து லே போகும் வழியில், கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற இடத்துப் பங்கில் "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர்" என்ற பலகை பிரபலம். நாம் எதிர்த்திசையில் வருவதால் லேக்குப் பக்கத்தில் உள்ள காரு பங்கில் டேங்கை நிரப்பியாக வேண்டும். மதுரை நகருக்குள் கிடைக்கும் மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூட்டையோடு போடி வழியாக மூணாறு போய்த் திரும்பி, டேங்க் டு டேங்க் அளந்த மைலேஜில் கால் பங்கைக் கழியுங்கள். வருகிற எண்ணை டேங்க் லிட்டரால் பெருக்குங்கள். 400-க்குக் கீழே வந்தால் 5 லிட்டர் உலோக கேன் ஒன்று தேவை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

லே சேர்ந்த இரவு தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை

இது உயர நோய், காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு பழகாததால் வருவது. மதுரைப் பக்கம் வரவழைத்துப் பார்க்க முடியாத கோளாறு. கொடைக்கானல் உயரம் இதற்குப் பற்றாது. உடற்பயிற்சி செய்பவர், இளவயசுக்காரர் என்றெல்லாம் இது பார்க்காது.

பாதி மருந்து வழித்தேர்விலேயே இருக்கிறது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,700-ஐ ஒட்டி, லே 3,500. தூங்கும் உயரம் படிப்படியாக ஏறுகிறது. மணாலி வழியாக ஏறுபவர் 2,050 மீட்டரில் தூங்கி எழுந்து, மறுநாள் இரவே சர்ச்சுவில் 4,290-இல் படுப்பார். அதனால்தான் ஏறுவதற்கு ஸ்ரீநகர், இறங்குவதற்கு மணாலி என்று மேலே வைத்திருக்கிறேன்.

லே சேர்ந்ததும் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், மது கூடாது, தூக்க மாத்திரை கூடவே கூடாது. உயர நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் மதுரையிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். லேசான தலைவலி ஓய்வில் அடங்கும். அடங்கும்வரை அடுத்த உயரத்துக்கு ஏறக் கூடாது.

கால் குதியையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது: இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. லேயில் இருந்தால் சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனை, வழியில் இருந்தால் உடனே கீழே இறக்கம், வேறு யாருடைய வண்டியிலாவது. நீங்கள் ஓட்டக் கூடாது. டப்பா ஆக்ஸிஜன் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். தனியாகப் போகிறவருக்கு இதில் கூடுதல் சிக்கல், குழம்பிப்போயிருப்பது அவருக்கே தெரியாது. விடுதிக்காரரிடம் முதல் நாளே, "காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுங்கள், உளறினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்" என்று சொல்லிவைக்கலாம். அவர்களுக்கு இது புதிதல்ல.

பாலையில் வியர்க்கவே இல்லை, ஆனால் தலை கிறுகிறுக்கிறது

கத்திரி வெயிலையே பார்த்தவர்கள் நாம் என்ற தைரியம் இங்கே உதவாது. தார்க் காற்று வறண்டது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். நனைந்த சட்டை இல்லாததால் தண்ணீர் போவதே தெரியாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், மஞ்சள் அடர்ந்தால் குடித்தது போதவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காலை ஐந்துக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு, கை முழுக்க மூடிய சட்டை. தோல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், 112.

மூட்டை ஒரு பக்கம் சாய்கிறது

கனமானதைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள், டூல்ஸ் மேல்பையில் ஏறக் கூடாது. கொடைக்கானல் சோதனையில் ஒருமுறைகூடத் திறக்காத பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கடைசி நாளுக்கு ஹூப்ளி–மதுரை என்று எழுதியிருக்கிறது

எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டியவர்களும் இங்கேதான் பேராசைப்படுவார்கள், ஓசூர் தாண்டி தமிழ்ப் பலகையைப் பார்த்ததும் வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். வரவில்லை, இன்னும் 400 இருக்கிறது. நடுவில் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இறக்கம், லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் இடம் என்று செய்தியில் அடிக்கடி வருவதுதான். ராத்திரி பதினோரு மணிக்குக் களைத்த கண்ணோடு அதை இறங்க வேண்டாம். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ரூம் போட்டு, வீட்டுக்குப் போன் அடித்து "நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் படுங்கள். விடியற்காலையில் கிளம்பி, தொப்பூரை வெளிச்சத்தில் மூன்றாம் கியரில் இறங்கலாம்.